காட்மாண்டு ஏர்போர்ட்டில் நீ சொல்ல வேண்டியது

தம்பி,

நேத்து காலையில உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். புதுசா எடுக்கப்போற ரெண்டு சமையல்காரங்கள்ல அந்த ரெண்டாவது பையன் வேணாம், வேற ஆள் பாருன்னேன். ஏம்மான்னு கேட்டே. மூஞ்சி சரியில்லன்னேன். "நாம என்ன பொண்ணா பாக்கப் போறோம், போட்டோவைப் பார்த்து வேணாம்னு சொல்ல?"ன்னு சிரிச்சே. அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். சாயங்காலம் வந்து, "அம்மா, காட்மாண்டு ஏர்போர்ட்ல இறங்கினதும் பேசறதுக்கு உனக்குத் தெரிஞ்ச நேபாளி வார்த்தை நாலு எழுதிக் குடு"ன்னு கேட்டே பாரு, அதுல மாட்டிக்கிட்டேன். நோட்டை எடுத்து வச்சு ஒவ்வொரு வார்த்தையா எழுத எழுத, அதை நான் யார்கிட்ட கத்துக்கிட்டேன், எதுக்கு உபயோகிச்சேன்னு எல்லாம் சேர்ந்து வருது. இப்ப மணி மூணு. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போயிருச்சு, கடை காலி. நீ மாடியில பெட்டி அடுக்கிக்கிட்டு இருக்கே. இருபது படி ஏறி வந்து சொல்லிடலாம்தான். முட்டி வலின்னு சொல்லிக்கிறேன், உண்மை அது இல்ல. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ற தெம்பு எனக்கு இல்ல.

முதல்ல நீ கேட்டதை முடிச்சுடுறேன். யாரைப் பார்த்தாலும் கையைக் கூப்பி நமஸ்தே சொல்லு, இந்த ஊர்ல பழகின மாதிரி தலையை மட்டும் ஆட்டிட்டுப் போகாதே. வயசுல மூத்த ஆம்பளைன்னா தாஜு, பொம்பளைன்னா தீதி. வெளியில வந்ததும் ரெண்டு பேர் ஓடி வந்து உன் பெட்டியைத் தூக்கப் பார்ப்பாங்க. கத்தாதே, "பர்தைன, தாஜு"ன்னு சொன்னா போதும், வேணாம்னு அர்த்தம். டாக்ஸிக்காரர் விலை சொன்னா, எவ்வளவு சொன்னாலும் சரி, "மஹங்கோ பயோ"ன்னு சொல்லு. ரொம்ப அதிகம்னு அர்த்தம். நம்ம சைகோன் பென்தான் மார்க்கெட்ல பேரம் பேசற அதே மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லணும். அவங்க பேசறது புரியலன்னா "பிஸ்தாரை போல்னுஸ்", மெதுவாப் பேசுங்க. இதெல்லாம் ஊர் சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு உள்ளது. நீ ஊர் சுத்தப் போகல. ஆள் கூட்டிக்கிட்டு வரப் போறே. அதுக்குன்னு என்கிட்ட வேற மூணு வார்த்தை இருக்கு.

அந்த மூணையும் நான் பேசினது காட்மாண்டுல இல்ல, இங்க நம்ம டான் சோன் நாட் ஏர்போர்ட்ல. புது ஆள் வர்ற அன்னைக்கு நானே போவேன். வெளியில அந்த ஜனக்கூட்டத்துல, பூச்செண்டும் கையுமா நிக்கிற வியட்நாம்காரக் குடும்பங்களுக்கு நடுவுல நான் ஒரு புடவையோட நிப்பேன். உள்ளேயிருந்து வர்றவன் முகத்துல ரத்தமே இருக்காது. பாஷை தெரியாது, இறங்கின ஊர் எந்தப் பக்கம்னு தெரியாது. கிட்டப் போய் முதல்ல "டர் நமான்னுஸ்"னு சொல்லுவேன், பயப்படாதீங்க. அவன் அப்படியே நின்னு என்னையே பார்ப்பான். அடுத்து "கானா கானுபயோ?", சாப்பிட்டீங்களா? அவ்வளவுதான், கண்ணுல தண்ணி வந்துரும் அவனுக்கு. மூணாவதா, அந்தத் தண்ணி காயறதுக்குள்ள, கையை நீட்டி "பாஸ்போர்ட் தினுஸ்". குடுத்துருவான். ஒருத்தன்கூட யோசிச்சது இல்ல. போலீஸ்ல தங்குற இடம் பதியறதுக்குன்னு வாங்குவோம், நிஜமாவே பதியணும்தான். பதிஞ்ச பிறகு திருப்பிக் குடுக்கணும். குடுக்க மாட்டோம். நம்ம பீரோவுல என் பட்டுப்புடவைக்கு அடியில போயிரும். ஊர்ல எல்லா ஓட்டல்காரரும் அப்படித்தான் செய்யறாங்கன்னு சொல்லிக்குவேன். பத்திரமா இருக்கட்டும்னு சொல்லிக்குவேன். ஓடிப்போயிருவான்னு பயந்து வச்சிருக்கோம்னு மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்ல.

இந்த மூணு வார்த்தையையும் எனக்குச் சொல்லிக் குடுத்தது தில் பகதூர். பேரைக் கேட்டதும் உனக்கு மூஞ்சி சுருங்கும், தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கோ. புதுசா வர்ற பசங்க பயந்து போறாங்க தீதி, அவங்க பாஷையில ரெண்டு வார்த்தை காதுல விழுந்தா தைரியம் வரும்னு சொல்லி, அடுப்படியில நின்னு எனக்குப் பாடம் எடுத்தார். முதல் ரெண்டும் அவரா சொல்லிக் குடுத்தது. மூணாவது நானா கேட்டு வாங்கினது. உங்கப்பா போனப்ப உனக்கு ஏழு வயசு. வியாபாரம்னா என்னன்னு தெரியாத நான் இந்தக் கடையைக் கையில வாங்கினப்ப, அடுப்புப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாம வச்சிருந்தது அந்த மனுஷன்தான். செட்டிநாட்டுக் குழம்பை ஒரு நேபாளத்துக்காரர் வைக்கிறார்னு சொன்னா சாப்பிடறவங்க நம்பமாட்டாங்க. தமிழும் அப்படித்தான், அம்மியில அரைக்கிறப்பவே கத்துக்கிட்டார். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் சமையல்கட்டுக்குத்தான் ஓடுவே. சின்ன முக்காலியில உக்கார வச்சு உனக்குன்னு தனியா நாலு மோமோ அவிச்சுக் குடுப்பார். உனக்கு அப்ப ஒன்பது, அவர் பையனுக்கு ஏழு. தன் பையனை அவர் ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் பார்த்தார், உன்னை தினமும் பார்த்தார். அந்தக் கணக்கு எனக்கு அப்ப உறைக்கல.

அந்த வருஷம் தெத் நெருங்குது. இந்த ஊர் வருஷப் பொறப்பு எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா, ஒரு வாரத்துக்கு ஊரே பூட்டிக் கிடக்கும். வியட்நாம் கடைகள் மூடினா திறந்திருக்கிற இந்தியக் கடைக்குக் கூட்டம் பிச்சுக்கிட்டு வரும். மதுரையிலேருந்தும் சென்னையிலேருந்தும் ரெண்டு டூர் குரூப்புக்கு ஒத்துக்கிட்டிருந்தேன். நம்ம இன்னொரு சமையல்காரர் லீவுல ஊருக்குப் போயிருந்தார். பண்டிகைக்கு முதல் நாள் காலையில தில் வந்து கல்லாவுக்கு முன்னாடி நின்னார். கையைத் துடைச்சுக்கிட்டே நின்னார். "தீதி, ஆமாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். நான் போகணும். பாஸ்போர்ட் குடுங்க." ஆமான்னா அவங்க பாஷையில அம்மா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கல, தம்பி. வாய் கூசாம சொன்னேன்: "அய்யய்யோ, விசா நீட்டிக்கிறதுக்கு ஏஜென்ட்கிட்ட குடுத்துட்டேனே. அவங்க ஆபீஸை நேத்தே பூட்டிட்டாங்க. தெத் முடிஞ்சுதான் திறப்பாங்க." பொய்னா அப்படி ஒரு பொய், எந்தப் பக்கம் தட்டினாலும் உடையாது. தெத் சமயத்துல ஆபீஸ் பூட்டியிருக்கும்னு சைகோன்ல இருக்கிற பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அவர் நம்பினார். "கொஞ்சம் போன் பண்ணிப் பாருங்க தீதி"ன்னார். நான் போனை எடுத்து, காதுல வச்சு, கொஞ்ச நேரம் நின்னு, எடுக்க மாட்டேங்கறாங்கன்னு உதட்டைப் பிதுக்கினேன். நான் யாருக்கும் போன் பண்ணல. பாஸ்போர்ட் என் தலைக்கு மேல மாடியில, பீரோவுல இருந்துச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தான், பத்து நாள்ல அனுப்பிடலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் புருஷன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யாராவது என்னை இப்படி நிறுத்தியிருந்தா அவன் கொடலை உருவியிருப்பேன். அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகமே வரல.

நாலாம் நாள் அந்த அம்மா போயிட்டாங்க. மத்தியான நேரம், டூர் குரூப் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. அவர் போனைக் கேட்டார், பாக்கெட்டுல வச்சார், பிரியாணி அண்டாவை இறக்கிட்டு, பின்னாடி குளிக்கிற ரூமுக்குப் போய்த் தலையை மழிச்சுக்கிட்டு வந்தார். தானே மழிச்சதுல ரெண்டு இடத்துல ரத்தம். அவங்க வழக்கத்துல அம்மா அப்பா போனா பதிமூணு நாள் காரியம். வெள்ளைத் துணிதான் உடுத்தணும், யாரையும் தொடக்கூடாது, யாரும் அவரைத் தொடக்கூடாது, ஒரு வேளைதான் சாப்பிடணும், அதுல உப்பு சேர்க்கக் கூடாது. தனியா உக்காந்து அழ வேண்டிய மனுஷனை நான் அடுப்பு முன்னாடி நிறுத்தினேன். உப்பு நாக்குல படக் கூடாதே, சமைக்கிறவர் எப்படி ருசி பார்ப்பார்? ஒவ்வொரு குழம்பு கொதிக்கிறப்பவும் கரண்டியில கொஞ்சம் எடுத்துக்கிட்டு கல்லாவுக்கு வருவார். என் கை படாம மேஜையில வைப்பார். "நுன் ஹேர்தினுஸ், தீதி." உப்புப் பாருங்க. நான் பார்ப்பேன். சரியா இருக்குன்னு தலையாட்டுவேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. பதிமூணு நாளும் உப்புப் பார்த்தேன் தம்பி, ஒரு நாள்கூட எனக்கு அந்த உப்பு கரிக்கல. இப்பத்தான் கரிக்குது, பதினேழு வருஷம் கழிச்சு. என்ன பிரயோஜனம்?

அந்த நாள்கள்ல ஒண்ணு உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கூல் திறந்த அன்னைக்கு நீ ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனே, அவர் பின்னாலேயே நகர்ந்து சுவரோட ஒட்டிக்கிட்டார். கையைத் தூக்கி வேணாம் வேணாம்னார். நீ அழுதுக்கிட்டே என்கிட்ட வந்து, "என்னைப் பிடிக்கலையாம்மா?"ன்னு கேட்டே. அவருக்கு அம்மா செத்துட்டாங்க, அதான் தொடக்கூடாதுன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னா, அப்ப ஏம்மா ஊருக்குப் போகலன்னு அடுத்த கேள்வி கேப்பே. நீ சின்ன வயசுலேயே அப்படித்தான், விடமாட்டே. அதனால, மாமாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வச்சேன்.

ஆபீசெல்லாம் திறந்ததும் நான் ஒரு நாடகம் போட்டேன். வெளியில போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வந்து, இந்தாங்க, ஏஜென்ட் குடுத்துட்டாருன்னு பாஸ்போர்ட்டை நீட்டினேன். பதிமூணாம் நாளுக்காவது வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், நான் நல்லவளாயிடலாம்னு நினைப்பு. அவர் ஒவ்வொரு பக்கமாப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார், திரும்ப முதல்லேருந்து வந்தார். புது விசா முத்திரை எதுவும் இல்ல. அது என் மண்டைக்கு எட்டவே இல்ல. இத்தனை சாமர்த்தியமாப் பொய் சொன்னவளுக்கு அது தோணலை பாரு. அவர் கத்தல. பாஸ்போர்ட்டை மூடி, மேஜையில வச்சு, என் பக்கம் தள்ளினார். "உள்ளேயே வச்சுக்கோங்க, மேடம். இப்ப நான் எங்கேயும் போக வேண்டியதில்ல." மேடம்னு அவர் அது வரைக்கும் என்னைக் கூப்பிட்டதே இல்ல. ஒப்பந்தம் முடியற வரைக்கும், பதினோரு மாசம், ஒரு நாள் லீவு எடுக்காம வேலை பார்த்தார். குழம்பு ருசி மாறல. ஒரு வார்த்தை அதிகமாப் பேசல.

அவர் கிளம்பினது நீ ஸ்கூல்ல இருந்தப்ப. நீ வந்து தேடினே. "அதிகச் சம்பளம் தர்றாங்கன்னு வேற கடைக்கு ஓடிட்டாண்டா, நம்பவே கூடாத ஜாதி"ன்னு நான்தான் சொன்னேன். அப்படியே சொன்னேன், அந்த வார்த்தையே சொன்னேன். அவர் உனக்குக் குடுத்திருந்த நேபாளித் தொப்பியை நீ ஜன்னல் வழியா வீசினே. நான் தடுக்கல. இன்னைக்கு வரைக்கும் சமையல்கட்டுல யாராவது லீவு கேட்டா, "தில் மாதிரி ஓடிடப் போறாங்க"ன்னு நீ சொல்றப்பல்லாம் நான் ரசீதைப் புரட்டற மாதிரி குனிஞ்சுக்குவேன். ஒரு நல்ல மனுஷன் மேல நீ வச்சிருக்கிற வெறுப்பு முழுசும் நான் வச்சது. அதுக்கு என்னை என்ன வேணாலும் சொல்லு, வாங்கிக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ரெண்டாவது பையனோட விண்ணப்பத்தை நீ என் போனுக்கு அனுப்பினே. அப்பா பேரு தில் பகதூர். ஊரும் அதே ஊர், போக்ராவிலேருந்து பஸ்ல பாதி நாள். அந்தப் பேர்ல அங்க நூறு பேர் இருப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டுப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். அதே நெத்தி, அதே காது. மூஞ்சி சரியில்லன்னு நான் சொன்னது இதைத்தான். பையனை வேணாம்னுட்டா, நீ அவங்கப்பாவைச் சந்திக்க வேண்டி வராது, எனக்கும் வண்டி ஓடிரும். ஒரு தடவை அப்பனோட வழியை மறிச்சது போதாதுன்னு இப்ப மகனோட பிழைப்பையும் மறிக்கப் பார்த்திருக்கேன். இந்த வயசுலயும் எனக்குப் புத்தி அந்தப் பக்கம்தான் முதல்ல ஓடுது. கடையை நீ எடுத்துக்கப் போறே, அதான் பயமா இருக்கு. என் கைப்பக்குவம் உனக்கு வரலாம், இந்தப் பழக்கம் வரக்கூடாது. முந்தாநாள் நீ பேச்சோட பேச்சா, "வந்ததும் பாஸ்போர்ட் ரெண்டையும் வாங்கி உன் பீரோவுல போட்டுடலாம்மா"ன்னே. உனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல. எப்படித் தெரியும், நீ பார்த்து வளர்ந்தது அது.

இது வரைக்கும் எழுதிட்டுப் பேனாவைக் கீழ வச்சேன். விண்ணப்பத்துல வீட்டு நம்பர் இருந்துச்சு. அதுக்குப் போன் போட்டேன். ரெண்டாவது மணியில எடுத்தார். நான் யாருன்னு சொல்றதுக்குள்ள, "சொல்லுங்க மேடம்"னார், தமிழ்லயே. நம்பர்ல வியட்நாம் கோட் இருந்ததைப் பார்த்துட்டார் போல. "மாஃப் கர்னுஸ்", மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்ச நேபாளி அதோட தீர்ந்துபோச்சு, மிச்சத்தைத் தமிழ்ல உளறினேன். பாஸ்போர்ட் பீரோவுலதான் இருந்துச்சுன்னு சொன்னேன். "அது அன்னைக்கே தெரியும்"னார். என்னை மன்னிச்சேன்னு சொல்லல. சொல்லுவார்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. சொல்லல.

கடை பேரைத்தான் நடுவுல மாத்திட்டோமே, அப்ப என் கடைக்குன்னு தெரிஞ்சேதான் பையனை அனுப்புறீங்களான்னு கேட்டேன். "கடை பேரை மாத்தினா கல்லாவுல உக்காந்திருக்கிற ஆள் மாறுமா மேடம்? பையன் உங்க கடைப் போட்டோவைக் காட்டினான். தெரிஞ்சுதான் அனுப்புறேன். நீங்க என்ன தப்பு செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். மத்த முதலாளி என்ன செய்வான்னு எனக்குத் தெரியாதே." தம்பி, இதைவிட ஒரு அறை என்னை யாரும் அறைஞ்சதில்ல. பாஸ்போர்ட் உங்க பையன் கையிலேயே இருக்கும், போலீஸ்ல பதிஞ்ச அன்னைக்கே திருப்பிடுவோம்னேன். "அது மட்டும் போதாது மேடம். பாஸ்போர்ட் கையில இருந்தாலும் முதலாளி 'போ'ன்னு சொல்லணும். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலுல புண்ணு. நானும் ஏர்போர்ட்டுக்கு வர்றேன். உங்க பையனை என் முன்னாடி ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. சொன்னா என் பையன் வண்டி ஏறுவான். இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்." என்ன சொல்லணும்னு அவரே சொன்னார், நான் எழுதிக்கிட்டேன். மூணு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னார். ரெண்டு தடவை தப்பாப் படிச்சேன், திருத்தினார்.

நீ கேட்ட நாலு வார்த்தையை மறந்தாலும் பரவாயில்ல. இதை மட்டும் மறந்துராதே: "ஆமா பிராமி ஹுனுபயோ பனே, த்யஹி தின் படாவுன்சு." அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போனா, அன்னைக்கே அனுப்பிடுவேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உன்னையே கேட்டுக்கோ. தெத் முதல் நாள், கடை நிறைய ஆள், அடுப்புல அவன் ஒருத்தன், போன் வருது. அனுப்புவியா? அனுப்ப மாட்டேன்னு தோணுச்சுன்னா பொய் சொல்லாதே, ஒரு நமஸ்தே போட்டுட்டு அவனை அங்கேயே விட்டுட்டு வா, நாம கடையைப் பூட்டினாலும் பரவாயில்ல. அனுப்புவேன்னா, இன்னைக்கே உக்காந்து மனப்பாடம் பண்ணு. போனைப் பார்த்துப் படிக்காதே, தம்பி. அவர் உன் கண்ணைத்தான் பார்ப்பார்.